வாய்க்காலை வறள விடாதே

நம் பள்ளியின் பழைய மாணவர் மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று சங்கச் செயலாளர் மூன்று முறை போன் செய்துவிட்டார். கணக்கு வாத்தியாரின் பிரம்பைப் பற்றி எப்படியும் நாலு பேர் எழுதுவார்கள். நான் டிராயிங் சாரைப் பற்றி எழுதுகிறேன். வாரத்துக்கு ஒரே பீரியட். பரீட்சை நெருங்கினால் அதையும் சயின்ஸுக்குப் பிடுங்கிக்கொள்வார்கள்.

போன குளிர்காலத்தில் இங்கே டொராண்டோவில் ஒரு வாட்டர்கலர் வகுப்பில் சேர்ந்தேன். முதல் நாளே ஆசிரியை கலைச்சொற்களை அச்சடித்துக் கையில் கொடுத்தார். ஃப்ளாட் வாஷ், பீட், வெட் இன் வெட், டிரை பிரஷ், லிஃப்டிங், பேக்ரன். படிக்கப் படிக்க எனக்குச் சிரிப்பு. எல்லாம் பழகிய ஆட்கள்தான், பெயர்தான் வேறு.

பீட் என்பதைப் பாருங்கள். பலகையைக் கொஞ்சம் சாய்த்து வைத்து, பிரஷ் நிறைய கலர் எடுத்து, மேலிருந்து ஒரு கோடு இழுத்தால் அதன் கீழ் விளிம்பில் தண்ணீர் கட்டி நிற்கும். அடுத்த கோடு அந்தத் தண்ணீரைத் தொட்டுக்கொண்டே போக வேண்டும். அது காய்ந்துவிட்டால் கோடு கோடாகத் திட்டு விழும். சார் அதற்கு வைத்த பெயர் வாய்க்கால். “டேய், வாய்க்காலை வறள விடாதே!” என்று பின்னாலிருந்து குரல் வரும். ஈரத்தாளில் ஈரக் கலரை விடும் வெட் இன் வெட், சாருக்கு ‘ரெண்டு ஈரம்’. காய்ந்த கலரை நனைத்துத் துணியால் ஒற்றி எடுக்கும் லிஃப்டிங், ‘வாபஸ்’.

வெள்ளை விஷயத்தில் மட்டும் சார் சர்வாதிகாரி. கலர் பெட்டியைத் திறந்ததும் வெள்ளை டியூபை எடுத்துத் தன் டிராயரில் போட்டுப் பூட்டிவிடுவார். வாட்டர்கலரில் வெள்ளை என்றால் தாள்தான். வேண்டிய இடத்தைத் தொடாமல் விட வேண்டும். மறந்து தொட்டுவிட்டால் பாதி பிளேடால் லேசாகச் சுரண்டலாம், அதுவும் தாள் தாங்கினால். வருஷக் கடைசியில் கேட்டேன். “எதுக்குடா உனக்கு?” என்றார். இன்று வரை டியூப் வரவில்லை.

நம் தாள் எங்கே தாங்கியது? முக்குக் கடை காட்ரிட்ஜ் தாள், தண்ணீர் பட்டதும் அப்பளம் மாதிரி நெளியும். சார் அதை முழுசாக நனைத்துப் பலகையில் போட்டு, நாலு ஓரத்திலும் பேப்பர் பட்டையை மைதா பசையால் ஒட்டுவார். சினிமா போஸ்டர் ஒட்டுகிற அதே பசை. காய்ந்ததும் மத்தளத் தோல் மாதிரி விறைத்து நிற்கும். இப்போது நான் வாங்குவது 300 ஜிஎஸ்எம், அதாவது சதுர மீட்டருக்கு 300 கிராம் எடையுள்ள, தடித்த பருத்தித் தாள். இந்த வேலையெல்லாம் பெரும்பாலும் தேவையில்லை. விலையைக் கேட்டால்தான் கை நடுங்கும்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். கேமல் ஹேர் பிரஷ் என்று வாங்கினோமே, அதில் ஒட்டக முடி கிடையாது. பெரும்பாலும் அணில் முடிதான். சார் தான் மட்டும் கீரிப்பிள்ளை முடி பிரஷ் வைத்திருந்தார். இன்றைக்கு இந்தியாவில் அது சட்டப்படி தடை.

1986-இல், பத்தாவது படிக்கும்போது, ஒரு சனிக்கிழமை விடிகாலையில் எங்கள் எட்டுப் பேரை மெரினாவுக்குக் கூட்டிப்போனார். உழைப்பாளர் சிலைக்கு எதிரே மணலில் உட்கார்ந்தோம். சிலையைக் காட்டி, “எங்க பிரின்ஸிபால் செஞ்சது” என்றார், சொந்தச் சித்தப்பாவைச் சொல்வது போல. எழும்பூர் ஆர்ட்ஸ் காலேஜில் தேவி பிரசாத் ராய் சௌத்ரி முதல்வராக இருந்த காலத்தில் படித்தவர் அவர். அங்கே பார்த்த ஓவியர் கே.சி.எஸ். பணிக்கரின் வாட்டர்கலர்களை, தென்னையும் வாய்க்காலுமான அந்தக் கேரளக் காட்சிகளை, கையை வீசி வீசி வர்ணிப்பார். வாய்க்கால் என்ற பெயர் அங்கிருந்துதான் வந்ததோ என்னவோ.

நான் வானத்தில் நீலம் விட்டேன். மெரினா காற்றில் விடிகாலை ஈரம் எவ்வளவு என்று உங்களுக்குத் தெரியும். துவைத்த துணியே காயாது. பத்து நிமிஷம் காத்திருந்தேன். பளபளப்புப் போய்விட்டது. சரி, காய்ந்துவிட்டது என்று நினைத்து, மேகம் வைக்கலாமென்று நிறையத் தண்ணீர் இருந்த பிரஷ்ஷால் தொட்டேன். நீலம் மெல்ல ஒதுங்க ஆரம்பித்தது. ஒதுங்கிய நீலம் ஓரத்தில் சுருள் சுருளாகக் கட்டி நின்றது. துடைக்கத் துடைக்க அதுவும் வளர்ந்தது.

சார் குனிந்து பார்த்தார். “என்னடா, வானத்துல காலிஃப்ளவர் போட்டிருக்கே?”

பளபளப்புப் போனால் காய்ந்துவிட்டது என்று அர்த்தமில்லை, அதுதான் மோசமான நேரம் என்றார். தாள் இன்னும் ஈரமாக இருக்கும். அதைவிட ஈரமாக ஒன்று வந்தால் கலரைத் தள்ளிக்கொண்டு போகும். டொராண்டோ பட்டியலில் இருந்த பேக்ரன் இதுதான். அப்புறம் என் புறங்கையைப் பிடித்துத் தாளின் மேல் வைத்தார். சில்லென்றிருந்தது. “சில்லுன்னு இருந்தா தொடாதே. போய் சுண்டல் சாப்பிட்டு வா.” அந்த நேரத்தில் எந்தச் சுண்டல்காரன் வருவான்? சும்மா கடலைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

டொராண்டோவில் சிக்கல் நேர்மாறு. ஹீட்டர் ஓடும் அறையில் வாய்க்கால் கண்ணெதிரே வறண்டுவிடுகிறது. ஆசிரியை பக்கத்தில் ஒரு ஸ்ப்ரே பாட்டில் வைத்திருக்கிறார். நானோ பழக்க தோஷத்தில் ஒவ்வொரு முறையும் புறங்கையைத் தாளில் வைத்துப் பார்க்கிறேன். பக்கத்து நாற்காலிப் பாட்டி இதென்ன சடங்கு என்று கேட்டே விட்டார்.

அந்தச் சனிக்கிழமைப் படங்களைச் சார் வராந்தாவில் மாட்டினார். அதன்பின் எங்கே போயின என்று தெரியாது. நம் செட்டில் யாருடைய வீட்டுப் பரணிலாவது கிடந்தால் போட்டோ எடுத்து அனுப்புங்கள். என்னுடையதைக் கண்டுபிடிப்பது சுலபம், வானத்தில் இடது பக்கம் ஒரு காலிஃப்ளவர் இருக்கும்.