பூச்சியியல் தாளில் பி.டி. பாக்டீரியா: நான் படித்த முறை

வேளாண் பட்டப்படிப்பின் பூச்சியியல் தாளுக்கு ஆயத்தமாகும் பலர், நுண்ணுயிர்ப் பூச்சிக்கொல்லிகள் பகுதியைப் பெயர்ப் பட்டியலாக மனப்பாடம் செய்கின்றனர். நான் பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் (சுருக்கமாக பி.டி.) என்னும் ஒரே பாக்டீரியாவை எடுத்துக்கொண்டு, புழுவின் குடலுக்குள் அது செய்யும் வேலையை முதலில் முழுமையாகப் படித்தேன். பெரும்பாலான வினாக்களுக்கு விடை அங்கேயே கிடைத்தது.

வித்து (ஸ்போர்) உருவாகும்போது இப்பாக்டீரியா ஒரு புரதப் படிகத்தையும் உருவாக்குகிறது. இலையோடு சேர்த்து அதைத் தின்னும் புழுவின் நடுக்குடல் காரத்தன்மை உடையது என்பதால் படிகம் கரைகிறது. செரிமான நொதிகள் அதை வெட்டி நச்சாக்க, அந்த நச்சு குடற்சுவரின் ஏற்பிகளில் ஒட்டித் துளையிடுகிறது. புழு சில மணி நேரத்திலேயே தின்பதை நிறுத்திவிட்டாலும், இறப்பதற்கு இரண்டு மூன்று நாள்கள் ஆகும். தின்றால்தான் வேலை செய்யும் என்பதால் சாறு உறிஞ்சும் அசுவினிக்கு இத்தெளிப்பு பயன்படாது. அமிலம் நிறைந்த, அந்த ஏற்பிகள் இல்லாத மனித வயிற்றில் அது நஞ்சாவதில்லை. மாலையில் தெளிக்கச் சொல்வதற்கு மட்டும் காரணம் வேறு: புற ஊதாக் கதிர் படிகத்தையும் வித்தையும் சிதைத்துவிடும்.

செய்முறைப் பயிற்சியைத் தவறவிடாதீர்கள். பி.டி. கரைசலில் நனைத்து நிழலில் உலர்த்திய முட்டைக்கோசு இலைத் துண்டில் வைரமுதுகு அந்துப்பூச்சியின் புழுக்களை விட்டுப் பாருங்கள். மறுநாள், நனைக்காத துண்டில் மேல்தோல் மட்டும் கண்ணாடிபோல் எஞ்சியிருக்கும். நனைத்த துண்டிலோ சில சுரண்டல்களே தெரியும். இரண்டு மூன்று நாளில் இறந்த புழு கருத்துத் துவண்டு கிடக்கும். இதை நேரில் கண்டவருடைய விடையில் தெளிவு தானாகவே வரும்.

ஆண்டுகளைக் காரணத்தோடு இணைத்துப் படியுங்கள். 1901இல் ஜப்பானில் இஷிவாட்டா இதை நோயுற்ற பட்டுப்புழுவில் கண்டறிந்தார். மல்பெரித் தோட்டங்களுக்கு அருகில் தெளிக்கக் கூடாது என்பதற்கான காரணமும் அதுவே. 1911இல் ஜெர்மனியில் பெர்லினர் மாவு அந்துப்பூச்சியின் புழுவிலிருந்து இதைப் பிரித்தெடுத்து, 1915இல் பெயரிட்டார்.

தெளிக்கும் பி.டி.யையும் இப்பாக்டீரியாவின் நச்சு மரபணு சேர்க்கப்பட்டு, 2002இல் இந்தியாவில் அனுமதிக்கப்பட்ட பி.டி. பருத்தியையும் ஒன்றாகக் குழப்பி எழுதாதீர்கள். பருத்திச் செடி பருவம் முழுவதும் நச்சை உருவாக்கிக்கொண்டே இருப்பதால், இளஞ்சிவப்புக் காய்ப்புழு எதிர்ப்புத்திறன் பெற்றதைப் பற்றி எழுதும்போது, எதிர்ப்புத்திறன் இல்லாத புழுக்களும் பிழைத்திருக்க பி.டி. அல்லாத பருத்தியை வயலோரத்தில் புகலிடப் பயிராக வளர்க்கும் முறையையும் சேர்த்து எழுதுங்கள்.