நெகேமியாவும் பயந்தவர்தான்

"பயப்படாதே" என்ற வார்த்தை வேதாகமத்தில் 365 தடவை வருகிறது, வருடத்தின் ஒவ்வொரு நாளுக்கும் ஒன்று என்று பிரசங்கத்திலும் வாட்ஸ்அப்பிலும் அடிக்கடி சொல்வார்கள். எண்ணிப் பார்த்தால் அந்தக் கணக்கு வராது. கணக்குப் பிழைத்தாலும் பரவாயில்லை, அதற்குப் பின்னால் வருகிற பேச்சுதான் மனதை நோகப்பண்ணுகிறது: "விசுவாசம் இருக்கிறவனுக்குப் பயம் வராது." யாழ்ப்பாணத்தில், என் வயதுக்காரர் நிறைந்திருக்கிற ஒரு சபையில் நின்று இதைச் சொல்ல எப்படி மனம் வருகிறதோ! பலாலியில் 2019இல் சர்வதேச விமான நிலையம் திறந்தார்கள், சென்னையிலிருந்து விமானம் வருகிறது. அதில் வருகிறவர்கள் எங்கள் சொந்தக்காரர், கல்யாணத்துக்குச் சேலை எடுத்துக்கொண்டு வருகிறவர்கள். அது தெரிந்திருந்தும், தாழப் பறக்கிற சத்தம் கேட்டதும் என் கை பக்கத்தில் நிற்கிற பிள்ளையைத் தேடும். கிபிர் குண்டுவீச்சு விமானம் வந்த வானத்துக்குக் கீழே வளர்ந்த உடம்பு அப்படித்தான் செய்யும், அதைப் போய் விசுவாசக் குறைவு என்று சொல்ல வேண்டாம்.

ஒன்றை நேராகவே சொல்லிவிடுகிறேன். 1995 ஜூலை 9ஆம் திகதி நவாலி சென் பீற்றர்ஸ் தேவாலயத்தில் குண்டு விழுந்தபோது அங்கே இருந்தவர்கள், ஷெல்லடிக்குத் தப்பி, கோயிலுக்கு அடிக்கமாட்டார்கள் என்று நம்பி வந்து தங்கியவர்கள். நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் செத்துப்போனார்கள், அதில் பிள்ளைகளும் உண்டு. அந்த வருடமே ஒக்டோபர் 30 இரவு வலிகாமப் பகுதிச் சனம் முழுக்க எழும்பி, மழைக்குள் நாவற்குழிப் பாலத்தால் தென்மராட்சிக்கு நடந்தது. நாங்களும் அந்தச் சனத்துக்குள் இருந்தோம், அம்மம்மா வழி நெடுக செபித்துக்கொண்டே வந்தா. இதையெல்லாம் கண்ட ஊரில் இருந்துகொண்டு, கர்த்தரை நம்பினால் ஒன்றும் நடக்காது என்று சொல்ல எனக்கு வாய் வராது. விசுவாசத்தை ஒரு பங்கர் மாதிரி நினைத்து உள்ளே போய் ஒளிந்திருந்தால் நவாலிக்கு என்ன பதில் சொல்வது? என்னிடம் பதில் இல்லை.

ஆனால் சந்தோஷம் இருக்கிறது. அது எங்கிருந்து வருகிறது என்று எனக்குக் கொஞ்சமாவது விளங்கியது நெகேமியாவின் புத்தகத்தை ஊர் திரும்பி வந்து வாசித்தபோதுதான். அந்தப் புத்தகத்தை யாழ்ப்பாணத்தில் இருந்து வாசிக்க வேண்டும். எருசலேமின் இடிந்த அலங்கம் (பட்டணத்து மதில்), எரிந்த வாசல்கள், பட்டணம் பெரிதாக இருந்தும் உள்ளே ஆட்கள் கொஞ்சம், வீடுகள் இன்னும் கட்டப்படவில்லை என்று ஏழாம் அதிகாரம் சொல்கிறது. எங்கள் ஒழுங்கையில் படலை பூட்டி, வளவுக்குள் பற்றை வளர்ந்து, சொந்தக்காரர் கனடாவிலோ லண்டனிலோ இருக்கிற வீடுகளைத் தாண்டித்தான் நான் தினமும் நடக்கிறேன், அதனால் அந்த வசனத்துக்கு எனக்கு விளக்கவுரை தேவைப்படவில்லை.

நெகேமியா பாரசீக ராஜாவின் பானபாத்திரக்காரன். முகம் வாடியிருப்பதை அர்தசஷ்டா ராஜா கண்டு ஏன் என்று கேட்டதும், "அப்பொழுது நான் மிகவும் பயந்து" என்று அவரே எழுதி வைத்திருக்கிறார். பயந்துகொண்டேதான் வாயைத் திறந்து, ஊருக்குப் போக உத்தரவு கேட்டார். தைரியம் என்று நான் நம்புவது இதைத்தான். பிறகு வேலை தொடங்குகிறது, பலர் தங்கள் வீட்டுக்கு எதிரே இருக்கிற துண்டைக் கட்டுகிறார்கள், சல்லூம் என்ற ஒருவர் தன் மகள்களோடு வந்து கட்டுகிறார் (இதைப் பிரசங்கத்தில் யாரும் சொல்லிக் கேட்டதில்லை, பெண்பிள்ளைகள் கேட்க வேண்டிய வசனம்). ஒரு நரி ஏறினாலே இடிந்துவிடும் என்று எதிரிகளில் ஒருவனான தொபியா நக்கலடிக்கிறான். ஒரு கையில் வேலை, மற்றக் கையில் ஆயுதம், 52 நாளில் அலங்கம் முடிகிறது.

எட்டாம் அதிகாரத்தில்தான் நான் அப்படியே நின்றுபோனேன். அலங்கம் முடிந்து சனம் கூடி நிற்கிறது, எஸ்றா நியாயப்பிரமாணத்தை வாசிக்கிறார், கேட்டுச் சனமெல்லாம் அழுகிறது. அப்போது அவர்களுக்குச் சொல்லப்படுகிறது, அழவேண்டாம், போய் நல்லதைச் சாப்பிடுங்கள், இனிப்பானதைக் குடியுங்கள், ஒன்றுமில்லாதவர்களுக்குப் பங்கு அனுப்புங்கள், "கர்த்தருக்குள் மகிழ்ச்சியாயிருப்பதே உங்களுடைய பெலன்." எதிரிகள் அப்போதும் பக்கத்தில்தான் இருக்கிறார்கள், வீடுகளும் இன்னும் கட்டப்படவில்லை. எல்லாம் சரியான பிறகு சந்தோஷப்படலாம் என்று அங்கே ஒருவரும் சொல்லவில்லை. அதைவிட, பங்கு அனுப்பு என்று சொன்னதும் ஒவ்வொருவரும் பக்கத்து வீட்டைப் பார்க்கத்தானே வேண்டும், பார்த்தால் அங்கே நம்மைவிட நடுங்குகிற ஒருவர் இருப்பார்.

எங்கள் அம்மா இதை நெகேமியா வாசித்துச் செய்யவில்லை. நத்தாருக்கு முதல் நாள் பயத்தம் பணியாரமும் முறுக்கும் சுட்டு, முதல் தட்டு பக்கத்துச் சைவக் குடும்பத்துக்குப் போகும், பொங்கலுக்கு அவர்களிடமிருந்து புக்கை வரும். 2022 பொருளாதார நெருக்கடியில் காஸ் இல்லை, பால்மா இல்லை, எண்ணெய் விலையைக் கேட்டாலே தலை சுற்றும். அந்த வருடமும் அம்மா விட்டுக்கொடுக்கவில்லை. விறகடுப்பில், கொஞ்சமாக. தட்டில் பாதிதான் இருந்தது, ஆனாலும் போனது.

யாழ்ப்பாணத்துச் சில்லாலை ஊர்ச் சனத்தையும் இந்த இடத்தில் நினைக்கிறேன். நான் கத்தோலிக்கர் இல்லை, ஆனால் புனித யோசேவ் வாஸ் அடிகளின் கதை யாழ்ப்பாணத்துக் கிறிஸ்தவர் எல்லோருக்கும் சொந்தம். ஒல்லாந்தர் கத்தோலிக்கக் குருமாருக்குத் தடை போட்டிருந்த காலத்தில், 1687இல், மாறுவேடத்தில் நோயோடு வந்து இறங்கினார். அவருக்கு 2015இல் புனிதர் பட்டம் கிடைத்தது, நல்ல விஷயம். ஆனால் குருவானவரை வைத்திருந்தால் கடும் தண்டனை என்று தெரிந்தும் இரவில் படலையைத் திறந்துவிட்ட சில்லாலைக் குடும்பங்களின் பெயரை நாங்கள் அறியோம். நடுங்காமலா திறந்திருப்பார்கள்?

எனக்கு இது கையில் வந்து சேர்ந்தது 2019இல். ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. கொச்சிக்கடை, கட்டுவாப்பிட்டி, மட்டக்களப்புத் தேவாலயங்களில் குண்டு வெடித்த நாள். மட்டக்களப்புச் சீயோன் தேவாலயத்தில் செத்தவர்களில் ஓய்வுநாள் பாடசாலைப் பிள்ளைகள் பலர். நான் எங்கள் சபையில் அதே வகுப்பை எடுக்கிறவள். வகுப்பு திரும்பத் தொடங்கின ஞாயிறு வாசலில் பையைச் சோதித்தார்கள், எனக்குக் கை குளிர்ந்து, எந்தக் கதவால் எத்தனை பிள்ளைகளை வெளியே எடுக்கலாம் என்றுதான் மனம் ஓடியது. ஒரு தாய் மகளின் கையை விடாமல் வாசலிலேயே நின்றார்.

"அக்கா, பிள்ளையை விடப் பயமாக் கிடக்கு."

"எனக்கும் பயமாத்தான் கிடக்கு. நீங்களும் உள்ளுக்கு வந்து இருங்கோ."

வந்து பின் வாங்கில் இருந்தார். பிள்ளைகள் வழக்கம்போலக் கைதட்டி, குதித்து, சுதி விலகிப் பாடினார்கள். நான் கதவைப் பார்த்துக்கொண்டேதான் பாடினேன். ஆனாலும் பாடினேன், இரண்டாவது பாட்டில் அந்தத் தாயும் கைதட்டினார், எனக்குள் ஒரு சந்தோஷம் பொங்கியது, பயம் அப்படியே பக்கத்தில் இருக்க. பிலிப்பிச் சிறையில் பவுலும் சீலாவும் நடுராத்திரியில் பாடியது பூமி அதிர்வதற்கு முன்னால்தானே, கதவு பூட்டியிருக்கிறபோது. மற்றக் கைதிகள் கேட்டுக்கொண்டிருந்தார்கள் என்றும் எழுதியிருக்கிறது.

"நான் பயப்படுகிற நாளில் உம்மை நம்புவேன்" என்று 56ஆம் சங்கீதத்தில் தாவீது சொல்கிறார். பயப்படுகிற நாள் வரும் என்று அவருக்குத் தெரியும். வருத்தத்துக்கு மருந்தெடுக்கிறவர்கள், பிள்ளையை வெளிநாட்டுக்கு அனுப்பிவிட்டு ஃபோனைப் பார்த்துக்கொண்டிருக்கிறவர்கள், காணாமல்போனவரின் படத்தோடு இன்னும் தெருவில் இருக்கிற தாய்மார், இவர்களிடம் போய்ப் பயப்படாதே என்று நான் சொல்லமாட்டேன். கூட இருந்து பாடுவேன், ஏலுமென்றால் சாப்பிட ஏதாவது கொண்டுபோவேன்.

அந்தத் தாய் இப்போது ஞாயிறுகளில் பிள்ளைகளுக்குத் தேத்தண்ணியும் பணிஸும் கொடுக்கிற வேலையைத் தானே எடுத்துச் செய்கிறார். மகள் வளர்ந்துவிட்டாள், சின்ன வகுப்பில் எனக்கு உதவிக்கு நிற்கிறாள். வாசலை இன்னும் நாங்கள் மூன்று பேரும் மாறி மாறிப் பார்த்துக்கொள்கிறோம்.