இரண்டு ஈடுகளுக்கு நடுவே கொம்புச்சா

இனிப்புத் தேநீரை நுண்ணுயிர்களால் புளிக்கவைத்துச் செய்யும் பானமான கொம்புச்சாவைத் தயாரிப்பது எப்படி என்று சொல்லித் தருபவர்களுக்குக் குறைவில்லை. ஓர் ஈடு முடிந்து பானமெல்லாம் புட்டிகளில் நிரம்பிய பிறகு, அடுத்த ஈட்டைத் தொடங்க நேரமோ மனமோ வாய்க்காத வாரங்களில் அந்த நுண்ணுயிர்க் கூட்டத்தை எப்படிப் பேணுவது என்பதைப் பற்றித்தான் பேச்சு குறைவு. கிடைக்கும் குறிப்புகளில் பெரும்பாலானவை குளிர்நாட்டு வீடுகளுக்காக எழுதப்பட்டவை. ஜாடியை எப்படி வெதுவெதுப்பாக வைப்பது என்ற கவலை அவற்றில் நிறைந்திருக்கும். சென்னையின் சமையலறையில் அந்தக் கவலைக்கு இடமில்லை. இங்கு நாம் சமாளிக்க வேண்டியவை வெயிலும், ஆவியாதலும், பழ ஈக்களும், எறும்புகளும்தான்.

முதலில் எதைப் பேணுகிறோம் என்பதில் தெளிவு வேண்டும். ஜாடியின் மேல் மிதக்கும் வழவழப்பான வெளிறிய தகட்டைத்தான் பலரும் கொம்புச்சாவின் உயிர் என்று எண்ணுகிறார்கள். அது, கொமகடெய்பாக்டர் சைலினஸ் போன்ற பாக்டீரியாக்கள் சர்க்கரையைக் கொண்டு உருவாக்கும் செல்லுலோஸ் படலம். அதே பாக்டீரியா தேங்காய்த் தண்ணீரில் உருவாக்கும் படலத்தைத்தான் நாட்டா டி கோகோ என்ற பெயரில் துண்டுகளாக்கிக் குளிர்பானங்களில் போட்டு விற்கிறார்கள். தகட்டிலும் உயிரிகள் ஒட்டியிருக்கின்றன என்றாலும், பாக்டீரியாவும் ஈஸ்ட்டும் போதிய அளவில் கலந்து வாழ்வது அதன் அடியில் உள்ள புளித்த திரவத்தில்தான். தகடே இல்லாமல், சூடாக்கப்படாத நல்ல புளித்த திரவம் மட்டும் இருந்தாலும் புதிய தகடு தானாகப் படரும். தயிருக்கு உறைமோர் எப்படியோ, கொம்புச்சாவுக்குப் பழைய திரவம் அப்படி. ஆடையைப் பத்திரப்படுத்திவிட்டு மோரைக் கொட்டுபவர் எவரும் இல்லை. ஆனால் கொம்புச்சாவில் அதைத்தான் பலரும் செய்கிறார்கள்: தகடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, அவை நனையும் அளவுக்கு மட்டும் திரவம் விட்டு, பாதுகாத்துவிட்டதாக நினைத்துக்கொள்கிறார்கள்.

ஓய்வுக் காலத்தில் ஜாடிக்குள் நடப்பது எளிதாகப் புரிந்துகொள்ளக்கூடியதே. ஈஸ்ட், சர்க்கரையை குளுக்கோஸாகவும் ஃபிரக்டோஸாகவும் உடைத்து, அதிலிருந்து ஆல்கஹாலையும் கரியமில வாயுவையும் உண்டாக்குகிறது. பாக்டீரியா அந்த ஆல்கஹாலை அசிட்டிக் அமிலமாகவும், குளுக்கோஸின் ஒரு பகுதியை குளுக்கோனிக் அமிலமாகவும் மாற்றுகிறது. குடிக்கும் பதத்தில், அமிலத்தன்மையைக் காட்டும் பிஎச் அளவு (எண் குறையக் குறையப் புளிப்பு அதிகம்) பெரும்பாலும் 2.5 முதல் 3.5 வரை இருக்கும். அதற்கு மேலும் விட்டுவைத்தால் இனிப்பு குறைந்து, திரவம் ஏறக்குறைய வினிகராகிவிடும். குடிக்க உதவாத அந்தப் புளிப்புதான் சேமிப்புக்கு உரிய காவல், ஏனெனில் அத்தனை அமிலத்தில் பூஞ்சையும் நோய்க்கிருமிகளும் தலையெடுப்பது கடினம். எனவே சில வாரம் உணவின்றிக் கிடந்ததால் கூட்டம் செத்துவிடும் என்று பதறத் தேவையில்லை. திரவம் வற்றி, தகட்டின் மேற்பரப்பு காய்ந்துபோவதும், அமிலம் நீர்த்துப்போவதும்தான் உண்மையான ஆபத்துகள்.

பாத்திரம் கண்ணாடியாகத்தான் இருக்க வேண்டும். பரணில் கிடக்கும் பழைய ஊறுகாய் ஜாடி நினைவுக்கு வருவது இயல்பே. ஆனால் பீங்கான் பூச்சில் ஈயம் இருந்தால் இந்த அமிலம் அதைக் கரைத்து எடுத்துவிடும். பீங்கான் பாத்திரத்தில் ஊறவைத்த கொம்புச்சாவைத் தொடர்ந்து குடித்ததால் ஈய நஞ்சேறிய நிகழ்வு 1998இல் ஆஸ்திரேலிய மருத்துவ இதழ் ஒன்றில் பதிவாகியிருக்கிறது. நம் உப்பு ஊறுகாய் ஜாடிகள் எல்லாம் அப்படிப்பட்டவை என்று நான் சொல்லவில்லை; பூச்சில் என்ன இருக்கிறது என்பதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது என்பதால் தவிர்க்கிறேன். அலுமினியம், பித்தளை, செம்பு ஆகியவையும் கூடாது. எவர்சில்வர் கரண்டியால் கலக்குவதில் தவறில்லை.

மூன்று லிட்டர் ஜாடி ஒன்றில் இரண்டு, மூன்று தகடுகளைப் போட்டு, அவற்றுக்கு மேல் குறைந்தது நான்கு விரற்கடை உயரத்துக்கு நன்கு புளித்த திரவம் நிற்கும்படி வைப்பது என் வழக்கம். நான்கு முதல் ஆறு வாரங்களுக்கு ஒருமுறை, கத்திரி வெயில் நாட்களில் அதைவிடச் சற்று முன்பாகவே, கால் பங்குத் திரவத்தை வெளியே எடுத்துவிட்டு, அதே அளவு இனிப்புத் தேநீரை ஆறவைத்துச் சேர்க்கிறேன். ஒரு லிட்டருக்கு ஐந்து, ஆறு கிராம் தேயிலையும் அறுபது கிராம் வெள்ளைச் சர்க்கரையும் போதும். வீட்டில் டீ போட வாங்கும் தூள் தேயிலையைவிட இலைத் தேயிலை நல்லது. தூள் எத்தனை வடிகட்டினாலும் அடியில் சேறாகப் படியும். ஏலக்காய், இஞ்சி சேர்த்த மசாலாத் தேயிலையையும், எண்ணெய் வாசனை ஊட்டிய தேயிலையையும் சேமிப்பு ஜாடியின் பக்கமே கொண்டுபோவதில்லை. நாட்டுச் சர்க்கரையிலும் கருப்பட்டியிலும் கொம்புச்சா நன்றாகவே புளிக்கிறது என்றாலும், அவற்றில் ஈஸ்ட் துள்ளிக்கொண்டு கிளம்பி அடிவண்டல் பெருகுவதை என் சமையலறையில் பார்த்திருக்கிறேன். ஓய்வில் இருப்பதற்கு அந்தத் துள்ளல் எதற்கு?

திரவம் குறைந்துவிட்டதே என்று வெறும் தண்ணீரை ஊற்றி நிரப்புவது, பார்க்கச் சாதாரணமாகத் தெரிந்தாலும், அமிலக் காவலை நாமே தளர்த்துவதாகும். நிரப்புவதானால் இனிப்புத் தேநீரையோ வேறொரு ஈட்டில் மீந்த கொம்புச்சாவையோ ஊற்ற வேண்டும்.

அடியில் படியும் பழுப்பு வண்டலும், தகட்டிலிருந்து தொங்கும் இழைகளும் ஈஸ்ட்தான். அவை அழுகலின் அறிகுறிகள் அல்ல. ஆனால் நீண்ட ஓய்வில் வண்டல் மிகுந்தால் அடுத்த ஈடு நுரைத்துப் பொங்கும், தகடோ மெலிந்து போகும். ஆகவே சில மாதங்களுக்கு ஒருமுறை திரவத்தை மெல்ல வேறு பாத்திரத்துக்கு மாற்றி, வண்டலின் பெரும்பகுதியைக் கொட்டிவிட்டு, ஜாடியை வெந்நீரில் கழுவி மீண்டும் ஊற்றுகிறேன். காற்றோட்டம் உள்ள மேற்பரப்பில் பாக்டீரியா செழிக்கும் என்பதால், அடுத்த ஈட்டுக்கான திரவத்தை மேற்பகுதியிலிருந்தே முகந்துகொள்வது நல்லது. தகடு தடித்துக்கொண்டே போனால் பழைய அடுக்கை உரித்து எடுத்து, நறுக்கி மட்கும் குப்பையில் சேர்த்துவிடலாம். அதைத் தூக்கிப் போடுவதில் பாவம் ஒன்றும் இல்லை.

ஜாடியின் வாயை இறுக மூடக் கூடாது. பாக்டீரியாவுக்குக் காற்று வேண்டும், வாயு அழுத்தத்தில் கண்ணாடி வெடிக்கவும் கூடும். கொசுவலைத் துணியின் கண்கள் வழியே பழ ஈக்கள் நுழைந்துவிடும் என்பதால், நெருக்கமாக நெய்த பழைய வேட்டித் துணியை இரண்டாக மடித்து ரப்பர் வளையத்தால் இறுக்க வேண்டும். எறும்புக்கு நம் வீடுகளில் என்றும் உள்ள உபாயமே போதும்: அகலமான தட்டில் தண்ணீர் ஊற்றி நடுவில் ஜாடியை நிறுத்திவிடலாம். வெயில் படும் சன்னலும் அடுப்பின் பக்கமும் வேண்டாம்.

பூஞ்சையை அடையாளம் காண்பதில்தான் பலருக்குக் குழப்பம். பூஞ்சை எப்போதும் மேற்பரப்பில், உலர்ந்து, பஞ்சுபோல முளைக்கும். வெள்ளை, பச்சை, கறுப்பு எந்த நிறத்திலும் வட்டப் புள்ளிகளாக இருக்கும். ஈரமாகவும் வழுக்கலாகவும் இருந்தால் அது பெரும்பாலும் புதிய தகடு. சுருக்கம் விழுந்த மெல்லிய வெண்படலமானால், அது காற்றை விரும்பும் வேறொரு வகை ஈஸ்ட். தீங்கு அதிகம் இல்லை, ஆனால் சேமிப்பு ஜாடியில் அதை வளரவிடுவதற்கு நான் உடன்படுவதில்லை. பஞ்சுப் பூஞ்சை கண்ணில் பட்டால் தகட்டோடு திரவத்தையும் கொட்டிவிட வேண்டும். மேலே தெரிவதை மட்டும் வழித்தெடுத்துவிட்டு அடியில் உள்ளதைக் காப்பாற்றலாம் என்ற அறிவுரையை ஏற்காதீர்கள். இந்த ஒரு காரணத்துக்காகவே, சேமிப்புத் திரவத்தில் ஒரு புட்டியை அருகில் உள்ள நண்பர் வீட்டில் தந்துவைத்திருக்கிறேன். அவர் அதைக் கொண்டு என்னைவிட நல்ல கொம்புச்சா செய்கிறார் என்பது வேறு கதை.

குளிர்சாதனப் பெட்டியில் வைப்பதை நான் விரும்புவதில்லை. குளிரில் உயிரிகள் உடனே சாவதில்லை, மந்தமாகின்றன; வெளியே எடுத்துப் புதிய தேநீரில் விட்டதும் அமிலம் உண்டாக்கத் தாமதிக்கின்றன, அந்த இடைவெளியில் பூஞ்சை முந்திக்கொள்ளக் கூடும். பல மாதம் வீட்டைப் பூட்டிச் செல்ல நேர்ந்து வேறு வழியே இல்லையென்றால், நிறையத் திரவத்தோடு வைத்துவிட்டுச் சென்று, திரும்பியதும் முதல் ஈட்டைக் குடிப்பதற்காக அல்லாமல் கூட்டத்தைத் தேற்றுவதற்காக மட்டும் போடலாம். உறைநிலைப் பெட்டி கூடவே கூடாது.

ஓய்வு முடிந்து மீண்டும் தொடங்கும்போது, ஒரு லிட்டர் இனிப்புத் தேநீருக்கு நூறு முதல் இருநூறு மில்லி சேமிப்புத் திரவம் சேர்க்க வேண்டும். பிஎச் தாளில் 4.5க்குக் கீழே காட்டுகிறதா என்று பார்த்து, காட்டாவிட்டால் இன்னும் கொஞ்சம் ஊற்ற வேண்டும். நீண்ட காலம் கிடந்த திரவம் கடுமையாகப் புளித்திருக்கும் என்பதால் இந்த ஈடு வழக்கத்தைவிட விரைவாகப் பதத்துக்கு வரலாம். நம் வெப்பத்தில் ஐந்தாம் நாளிலிருந்தே ருசி பார்க்கத் தொடங்குவது நல்லது. பதம் வந்ததும், பழச்சாறோ இஞ்சியோ சேர்ப்பதற்கு முன்பே, அடுத்த ஓய்வுக்கான பங்கை முதலில் ஊற்றி எடுத்து வைத்துவிட்டுத்தான் புட்டிகளைத் திறக்கிறேன்.