கடலை வெறுத்தவர் எழுதிய கடல் கதைகள்

ஆங்கில எழுத்தாளர் வில்லியம் ஹோப் ஹாட்ஜ்சனின் பேய்க்கப்பல் கதைகளைப் படிப்பவர்கள், மனுஷன் கடல்மேல் பித்துப் பிடித்தவர் என்று நினைத்துக்கொள்கிறார்கள். நேர்மாறு. எட்டு வருஷம் போல அதில் உழைத்து வெறுத்துப்போனவர்.

1877இல் இங்கிலாந்தின் எசெக்ஸில் ஆங்கிலிக்கன் பாதிரியார் ஒருவருக்குப் பிறந்தார். அப்பாவுக்குச் சில ஆண்டுகள் அயர்லாந்தின் கால்வே பகுதியில் ஊழியம். 1908இல் வந்த 'தி ஹவுஸ் ஆன் தி பார்டர்லேண்ட்' நாவல் அயர்லாந்தின் மேற்கில் நடப்பதற்கு வேறு காரணம் தேட வேண்டாம். 13 வயதில் விடுதிப் பள்ளியிலிருந்து கப்பலேற ஓடினார், பிடித்து வந்தார்கள். 1891இல் அப்பா இறங்கிவர, நான்காண்டு ஒப்பந்தத்தில் பயிற்சி மாலுமியானார். அடுத்த வருஷமே அப்பா போய்விட, வீட்டில் வறுமை.

கப்பலில் அதிகாரி ஒருவரின் அடி உதை. ஹாட்ஜ்சனோ ஆள் குள்ளம் வேறு. எதிர்த்து நிற்கத்தான் உடற்பயிற்சியில் இறங்கினார். கேமராவையும் விடவில்லை: புயல், மின்னல் எல்லாம் படமெடுத்தார்.

கப்பல் பாய் சுருட்டும் வேலையை யோசித்துப் பாருங்கள். இருட்டில் பாய்மரம் ஏறி, பாயைத் தாங்கும் குறுக்கு மரமான பருமலுக்குக் கீழே தொங்கும் கயிற்றில் கால் ஊன்றி, வயிற்றைப் பருமலில் அழுத்திக்கொண்டு, நனைந்து விறைத்த பாயை இரண்டு கையாலும் இழுத்து மடித்துக் கட்ட வேண்டும். பிடித்துக்கொள்ள மூன்றாவது கை கிடையாது. 'தி கோஸ்ட் பைரேட்ஸ்' (1909) நாவலின் திகில் இந்த இடத்தில்தான் பிறக்கிறது. ஆவி வருவதற்கு முன்பே ஆள் அந்தரத்தில்தான் நிற்கிறான்.

1899இல் இங்கிலாந்தின் பிளாக்பர்ன் நகரில் உடற்பயிற்சிப் பள்ளி தொடங்கினார். 1902இல் அங்கே வந்த, விலங்குகளைக் கழற்றிக்காட்டும் வித்தைக்காரர் ஹூடினிக்குத் தான் கொண்டுபோன கைவிலங்குகளையே மாட்டிவிட்டார். கழற்ற இரண்டு மணி நேரம் போல ஆனது, பூட்டில் ஏதோ செய்திருக்கிறார் என்று ஹூடினி புகார் சொன்னார். உடம்பின் எந்த மூட்டு எவ்வளவு வளையும் என்று தெரிந்தவரிடம் மாட்டினால் வேறென்ன ஆகும்! பள்ளி ஓடவில்லை. 1904இல் முதல் கதை அச்சானது.

அவருடைய 'தி நைட் லேண்ட்' (1912) நாவல் பக்கம் அவசரப்பட்டுப் போகாதீர்கள். வலிந்து செய்த பழங்கால ஆங்கிலம், பாதியில் மூடிவைப்பீர்கள். 'தி வாய்ஸ் இன் தி நைட்' சிறுகதையில் தொடங்குங்கள். காற்றில்லாமல் நிற்கும் கப்பல், மூடுபனி, இருட்டில் ஒரு படகு. படகுக்காரன் உணவு கேட்கிறான், ஆனால் விளக்கை அணைக்கச் சொல்கிறான். பக்கத்தில் வரவும் மறுக்கிறான். மாலுமிகள் உணவை மரப்பெட்டியில் வைத்துத் தண்ணீரில் தள்ளிவிடுகிறார்கள்.