லைப்சிக்கில் நள்ளிரவு, தரங்கம்பாடியில் நாலரை மணி

30 நவம்பர் 2025, ஞாயிறு

கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு ஞாயிறுகளைக் கொண்ட அட்வென்ட் காலம் இன்று தொடங்கியது. ஊசியிலைக் கிளைகளால் கட்டிய வளையத்தில் இருக்கும் நான்கு மெழுகுவர்த்திகளில் முதலாவதை மகள் ஏற்றினாள். இனி வாரத்துக்கு ஒன்று கூடும். கிறிஸ்துமஸ் எப்போது வரும் என்று ஓயாமல் கேட்ட ஏழைப் பிள்ளைகளுக்காக, 1839இல் ஹாம்பர்க் நகரில் விக்கர்ன் என்ற இறையியலாளர் ஏற்படுத்திய வழக்கத்திலிருந்து வந்தது இது. எங்கள் வீட்டுப் பிள்ளைகளின் கேள்வி வேறு. ஜெர்மானியருக்கு 24ஆம் தேதி மாலையே பண்டிகை. பரிசுகளையும் அப்போதே பிரித்துவிடுவார்கள். தரங்கம்பாடியில் வளர்ந்த எனக்கும் என் கணவருக்கும் 25ஆம் தேதி விடியற்கால ஆராதனை முடிந்த பிறகுதான் பண்டிகை. இரண்டில் எது நம்முடையது என்று மகன் கேட்கிறான்.

6 டிசம்பர், சனி

நேற்றிரவு வாசலில் வைத்த காலணிகளில், பிள்ளைகளுக்குப் பரிசு தருவதாகச் சொல்லப்படும் புனித நிக்கோலஸ் இனிப்புகளை நிரப்பியிருந்தார். மகன் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே தின்றான்.

13 டிசம்பர், சனி

பிள்ளைகளை அருகிலுள்ள ஹாலே நகருக்கு அழைத்துச் சென்றோம். 1698இல் அங்கே ஃபிராங்கே என்ற போதகர் தொடங்கிய கல்வி நிலையங்களின் நீண்ட கட்டடங்கள் இன்றும் நிற்கின்றன. ஹாலேயில் பயின்ற மிஷனரி சீகன்பால்க், சக மிஷனரி புளுட்சோவுடன் 1706 ஜூலை 9 அன்று எங்கள் தரங்கம்பாடிக் கடற்கரையில் இறங்கினார். ஹாலேயில் வார்த்த தமிழ் அச்செழுத்துகள் 1713இல் அவரை வந்தடைந்தன. 1715இல் தமிழில் புதிய ஏற்பாடு அச்சாகி முடிந்தது. தமிழ் ஓலைச்சுவடிகள் இந்த வளாகத்தின் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன என்று சொன்னபோது, மகள் ஒரு கணம் நின்று, "அப்படியென்றால் நம் ஊர் இங்கேயும் இருக்கிறதா அம்மா?" என்றாள். இந்த நாட்டில் அந்நியராக உணர்ந்த எத்தனையோ நாட்களில் எனக்குத் துணையாயிருந்த எண்ணத்தை, நான் சொல்லாமலே அவள் கண்டுகொண்டாள் என்பதில் என் மனம் நிறைந்துவிட்டது.

24 டிசம்பர், புதன்

பிற்பகல் 2 மணிக்குள் கடைகள் அடைத்துவிடும் என்பதால் ஆட்டுக்கறியைக் காலையிலேயே வாங்கிவைத்தோம். முறுக்கும் அதிரசமும் ஞாயிறன்றே சுட்டாகிவிட்டது. மாலையில், இசையமைப்பாளர் பாக் 1723 முதல் இறக்கும்வரை இசைப் பொறுப்பேற்றிருந்த தோமாஸ் ஆலயத்தில் ஆராதனை. பிறகு வீட்டில் இவ்வூர் முறைப்படி உருளைக்கிழங்குச் சாலடும் சாசேஜும் உண்டு, கிறிஸ்துமஸ் மரத்தடியில் பிள்ளைகள் பரிசுகளைப் பிரித்தார்கள்.

எங்கள் முறை நள்ளிரவில் வந்தது. குளிர்காலத்தில் இந்தியா எங்களைவிட நாலரை மணி நேரம் முந்தியிருக்கிறது. ஊரில் 25ஆம் தேதி அதிகாலை நாலரைக்கு ஆலய மணி அடிக்கும்போது இங்கே சரியாக 12 மணி. அண்ணன் கைபேசியில் ஆலயத்தைக் காட்டினார். நாங்கள் நால்வரும் புத்தாடை உடுத்தி, வீட்டுக்கூடத்தில் நின்று, ஊராருடன் சேர்ந்து முழு ஆராதனையிலும் பாடினோம். மகன் தூங்கிவிடுவான் என்று நினைத்தேன். அவன்தான் எல்லாரையும்விட உரத்துப் பாடினான்.

25 டிசம்பர், வியாழன்

காலையில் இட்லியும் கறிக்குழம்பும். பலகாரத் தட்டுகளை மூடி, மாடிப்படி ஏறி இறங்கி எல்லா வீடுகளுக்கும் பிள்ளைகளே கொண்டுபோய்க் கொடுத்தார்கள். ஊரில் நாங்கள் செய்ததும் இதுதான். எதிர்வீட்டுப் பாட்டி தட்டை வெறுமையாகத் திருப்பித் தராமல், தாம் சுட்ட ஸ்டோலன் என்ற கிறிஸ்துமஸ் ரொட்டியில் பாதியை வைத்து அனுப்பினார்.

26 டிசம்பர், வெள்ளி

இங்கே இது இரண்டாம் கிறிஸ்துமஸ் நாள். விடுமுறையும் விருந்துமாகக் கழியும். எங்களுக்கு இது 2004இல் கடல் ஊருக்குள் புகுந்த நாள். பாட்டில்லாத காலைச் செபத்தில், இழந்த உறவினர்களின் பெயர்களை என் கணவர் வாசித்தார். சுனாமி என்றால் என்னவென்று மகள் கேட்டாள், எல்லாவற்றையும் சொன்னோம். பிற்பகலில் நண்பர் வீட்டு விருந்துக்குப் போகிறோம்.