பிள்ளைத்தாச்சியா இருந்தப்ப பிரஷர் ஏறுச்சா, அக்கா?

கிருஷ்ணகிரி மாவட்டத்தில் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் தன்னார்வலராக இருக்கிறேன். 2021 ஆகஸ்டில் இந்தத் திட்டம் தொடங்கியதே எங்கள் மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான். வீடு வீடாகப் போய் பிரஷர், சுகர் பார்ப்பதும் மாத்திரை கொடுப்பதும் என் வேலை.

மகளிர் குழுக் கூட்டத்தில் இதய நோய் பற்றிப் பேசும்போது ‘தினமும் அரை மணி நேரம் நடங்கள்’ என்று தொடங்க எனக்கு வாய் வராது. விடிகாலையில் தக்காளி பறித்து, மாட்டுக்குப் புல் அறுத்துப் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்திருப்பவர்கள் அவர்கள். அதனால் முதலில் பிரசவக் கதையைக் கேட்கிறேன். “பிள்ளைத்தாச்சியா இருந்தப்ப பிரஷர் ஏறுச்சா, அக்கா? சுகர் வந்துச்சா?” சிலர் கை தூக்குவார்கள். பிள்ளை பிறந்ததோடு எல்லாம் சரியாகிவிட்டது என்றுதான் நினைத்திருப்பார்கள். ஆனால் அப்படி இருந்தவர்களுக்குப் பிற்காலத்தில் இரத்தக் கொதிப்பும் மாரடைப்பும் வர வாய்ப்பு அதிகம். மாதவிலக்கு நிற்கும் முன்பே கர்ப்பப்பையோடு சினைப்பையையும் எடுத்துவிட்டவர்களுக்கும் அப்படித்தான். மகள் கல்யாண வயதுக்கு வந்த பிறகும் அந்தப் பழைய பிரஷரைப் பற்றி அவர்களிடம் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். எனக்கு ஆற்றாமையாக இருக்கும்.

அப்புறம் உப்பு. ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் இருக்க வேண்டும், அதாவது ஒரு டீஸ்பூன் அளவு. குழம்பில் போடுவதைத்தான் எல்லோரும் கணக்கு வைக்கிறார்கள். வீட்டில் எல்லோருக்கும் பரிமாறிவிட்டுக் கடைசியில் உட்காருபவளுக்குக் குழம்பு மிஞ்சுவதில்லை. ஊறுகாயோ கருவாடோ தொட்டுக்கொண்டு சாப்பிட்டு எழுந்துவிடுவாள். அவளுக்கு உப்பு ஏறுவது அங்கேதான். வெற்றிலையோடு போடும் புகையிலையும் இதயத்துக்குக் கேடு. அதை விடச் சொல்வதுதான் கஷ்டம்.

மாரடைப்பு என்றால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்வது என்றே நினைக்கிறோம். பெண்கள் பலருக்கு நெஞ்சு வலியோடோ, அது இல்லாமலோ மூச்சு வாங்கும், தாடை, முதுகு, தோள்பட்டை வலிக்கும், வாந்தி வரும், குப்பென்று வியர்க்கும். வாய்வு என்று சோடா குடித்துப் படுத்துக்கொள்கிறார்கள். விடியட்டும், பால் கறந்துவிட்டுப் போகலாம் என்பார்கள். அந்த நேரத்தில்தான் இதயத் தசை செத்துக்கொண்டிருக்கும். உடனே 108-ஐக் கூப்பிட வேண்டும். 2023-இல் வந்த ‘இதயம் காப்போம்’ திட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே இரத்தம் உறையாமல் தடுக்கும் ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், கொழுப்பைக் குறைக்கும் அட்டோர்வாஸ்டாட்டின் என்று மொத்தம் 14 மாத்திரை கொடுத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிறார்கள்.

பல வீடுகளில் போன் கணவர் கையிலோ மகன் கையிலோதான் இருக்கிறது. அதனால் இப்போது காலையில் பால் ஊற்ற வரும் ஆண்களிடமும் இதையே சொல்லிக்கொண்டிருக்கிறேன்.