சேர உரிமை இருக்கிறது, விலக?

"அவனாகத்தானே போய்ப் பட்டாளத்தில் சேர்ந்தான், யாராவது கழுத்தைப் பிடித்துத் தள்ளினார்களா?" அரசின் கட்டாயம் முடிந்தவரை குறைய வேண்டும் என்று நினைக்கும் அமெரிக்க லிபர்டேரியன்களிடம், ராணுவ வேலை தங்கள் கொள்கைக்கு ஒத்துவருமா என்று பேச்சு வந்தால் பாதிப் பேர் இந்தக் கேள்வியோடு முடித்துக்கொள்வார்கள். மீதிப் பேர் "சம்பளம் வரிப்பணம்" என்று ஆட்சேபிப்பார்கள். அரசுப் பள்ளி ஆசிரியருக்கும் அதே கதைதான், அதனால் அதை விட்டுவிடலாம். எனக்கு முக்கியமாகப் படுவது சேரும்போது கையெழுத்துப் போடும் காகிதம். அமெரிக்க ராணுவத்தில் சேருவதற்கான அந்த ஒப்பந்தத்தின் பெயர் டிடி படிவம் 4.

நான்கு வருடம் என்று நினைத்துக்கொண்டு பையன் கையெழுத்துப் போடுவான். மொத்தக் கடமை வழக்கமாக 8 வருடம். முழுநேர வேலை போக மிச்ச வருடங்கள் ரிசர்வ் பட்டியலில் கழியும். அந்தப் பட்டியலில் சும்மா இருந்தவர்களைத்தான் 2004ல் இராக், ஆப்கானிஸ்தான் போர்களுக்காகத் திரும்பக் கூப்பிட்டார்கள். சம்பளம், படி, பொறுப்பு பற்றிய சட்டங்கள் முன்னறிவிப்பின்றி மாறலாம், படிவத்தில் என்ன எழுதியிருந்தாலும் அந்த மாற்றம் உன்னைக் கட்டுப்படுத்தும் என்று ஒரு வரி இருக்கிறது. போர் வந்தால் அது முடிந்து ஆறு மாதம் வரை ஒப்பந்தம் நீளும் என்று இன்னொரு வரி. ஆள் சேர்ப்பவர் வாயால் சொன்ன எதுவும் செல்லாது என்பதைப் பெரிய எழுத்திலேயே அச்சடித்திருக்கிறார்கள். அதில் மட்டும் நேர்மை.

ஒருதரப்பு இஷ்டப்படி மாற்றக்கூடிய ஒப்பந்தம் வெளியிலும் உண்டு. வித்தியாசம் மீறினால் வரும் தண்டனையில். இரண்டு வருட பாண்ட் எழுதிக் கொடுத்த சென்னை ஐடி ஊழியர் பாதியில் விலகினால் கம்பெனி பணம் கேட்டு வழக்குப் போடலாம். ஆளைத் திரும்ப நாற்காலியில் உட்காரவைக்க எந்த நீதிமன்றமும் உத்தரவிடாது. சிப்பாய் வேலையை விட்டுப் போனால் அது குற்றம். போர்க்காலத் தப்பியோட்டத்துக்கு அமெரிக்க ராணுவச் சட்டத்தில் மரண தண்டனை வரை இடமுண்டு.

ஒரு காலத்தில் வணிகக் கப்பல் மாலுமிகளுக்கும் இதே நிலைதான். 'அராகோ' என்ற கப்பலை விட்டு அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் ஓடிய மாலுமிகளைப் பிடித்து மறுபடி கப்பலில் ஏற்றினார்கள். அடிமைமுறையை ஒழித்த அரசியலமைப்பின் 13ஆம் திருத்தம் அவர்களுக்குப் பொருந்தாது என்று 1897ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நீதிபதி ஹார்லன் ஒருவர்தான் மறுத்தார். 1915ல் வந்த மாலுமிகள் சட்டம் கப்பலை விட்டு ஓடியதற்கான சிறைத் தண்டனையை எடுத்துவிட்டது. அதனால் கப்பல்கள் நின்றுவிடவில்லை.

கட்டாய ஆள்சேர்ப்பு தனிக் கதை. அதை ஒழிக்கச் சொன்ன அரசுக் குழுவான கேட்ஸ் கமிஷனில் (1969-70) பொருளாதார அறிஞர் மில்டன் ஃப்ரீட்மன் இருந்தார். சந்தைச் சம்பளத்தைவிடக் குறைவாகக் கொடுத்து ஒருவனைப் பிடித்து வைத்தால் அந்த வித்தியாசம் அவன்மேல் போட்ட மறைமுக வரி என்பது அவர்கள் கணக்கு. 1973ல் கட்டாயம் போனது. உள்ளே நுழையும் கதவு சரியானது, வெளியேறும் கதவை யாரும் தொடவில்லை.

சேர்ந்தபின் மனம் மாறினால், போரிட மனசாட்சி இடம் கொடுக்காதவர், அதாவது மனசாட்சி மறுப்பாளர், என்று விலக விண்ணப்பிக்கலாம். பாதிரியார் பேட்டி, மனநல மருத்துவர் பேட்டி, விசாரணை அதிகாரி முன் விசாரணை என்று மாதக்கணக்கில் இழுக்கும். மத நம்பிக்கை கட்டாயமில்லை, அறநெறி நம்பிக்கையும் செல்லும். ஆனால் அது சேர்ந்த பிறகு உறுதிப்பட்டதாக இருக்க வேண்டும், எல்லாப் போரையும் எதிர்க்க வேண்டும். லிபர்டேரியன் விழுவது இந்த இடத்தில்தான். தற்காப்புக்குச் சுடலாம், அடுத்தவன் நாட்டுக்குள் நுழையக் கூடாது என்பது அவன் கொள்கை. அப்படிப் பிரித்துப் பார்ப்பவருக்கு விலக்கு இல்லை என்று 1971லேயே கில்லெட் என்ற வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியாகிவிட்டது. விண்ணப்பத்தில் அவன் உண்மையை எழுதினால் தோற்பான்.

ஆகவே யோசிக்க வேண்டிய நேரம் பயிற்சிக்குக் கிளம்புவதற்கு முன்னால். பெரும்பாலோர் முதலில் தாமதச் சேர்க்கைத் திட்டத்தில்தான், அதாவது இப்போது கையெழுத்து, சில மாதம் கழித்துப் பயிற்சி என்ற ஏற்பாட்டில்தான், கையெழுத்திடுகிறார்கள். பயிற்சிக்குக் கிளம்பும் நாளில் இரண்டாவது உறுதிமொழி, இரண்டாவது கையெழுத்து. இடைப்பட்ட மாதங்களில் "எனக்கு விருப்பமில்லை" என்று ஒரு கடிதம் எழுதினால் விடுவித்துவிடுவார்கள். ஜெயில், கறுப்புப் புள்ளி என்று ஆள் சேர்ப்பவர் மிரட்டினால் நம்ப வேண்டாம். இரண்டாவது கையெழுத்துக்குப் பிறகு கடிதத்துக்கு மதிப்பில்லை.

விலகலுக்கு விலை வைக்க ராணுவத்துக்குத் தெரியாது என்றும் சொல்ல முடியாது. வெஸ்ட் பாயிண்ட் ராணுவக் கல்லூரியில் அதிகாரிப் பயிற்சி பெறும் மாணவன் முதல் இரண்டு வருடத்துக்குள் கைகழுவிவிட்டுப் போகலாம். மூன்றாம் வருடம் தொடங்கிய பிறகு போனால் படிப்புச் செலவைத் திருப்பிக் கட்டச் சொல்லலாம், அல்லது சிப்பாயாகப் பணியாற்ற அனுப்பலாம். அதிகாரியானவர் கடமைக் காலம் முடிந்ததும் ராஜினாமா கொடுக்கலாம். பயிற்சிக்கும் போனஸுக்கும் ஆன செலவைக் கட்டிவிட்டுப் போ என்று அதே கணக்கைச் சிப்பாய்க்கும் போட்டால், சண்டை நடுவில் விட்டு ஓடுவதை மட்டும் குற்றமாக வைத்துக்கொண்டால், இந்த வேலையைப் பற்றி எனக்கு இருக்கும் ஆட்சேபத்தில் பெரும்பகுதி போய்விடும்.